மூன்றாவது முறை கூப்பிடும் வரை

பனியில் வண்டிக்குள் படுத்துத் தூங்குகிறவர்கள் ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறந்து வைக்க வேண்டும். வண்டி செய்து கொடுத்த எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மனிதன் விடுகிற மூச்சில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அது கண்ணாடியில் படிந்து, கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரில் இறங்கி, விடிவதற்குள் கட்டியாகிவிடும். அப்புறம் உள்ளே இருப்பவர் எவ்வளவு இழுத்தாலும் கதவு வராது. வெளியிலிருந்து ஒருவர் வந்து விளிம்பில் வெந்நீர் ஊற்ற வேண்டும்.

இன்ஸ்பெக்டர் அம்மா, நீங்கள் கெட்டிலைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். நீங்கள் அதட்டாமல் கேட்கிறீர்கள், காப்பியும் கொடுத்தீர்கள். அதனால் எதையும் விடாமல் சொல்கிறேன்.

நான் தச்சன். ஒரு காலத்தில் சமையலறை அலமாரிகள் செய்துகொண்டிருந்தேன். பிறகு பனிச்சறுக்குக்கு வருகிறவர்கள் விடுதி வாடகை கட்டுப்படியாகாமல் வேன்களில் படுக்கத் தொடங்கினார்கள். சாமான் ஏற்றுகிற வெறும் வேனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் அதற்குள் கட்டில், அடுப்பு, ஈர பூட்ஸ் காய்வதற்கு ஹீட்டர் பக்கத்தில் ஒரு பொந்து, எல்லாம் வைத்துக் கொடுப்பேன். சுவரெல்லாம் மலைப்பைன் பலகை. அந்த வாசனைக்கு நல்ல தூக்கம் வரும் என்பார்கள். எனக்கு வந்ததில்லை, ஆனால் வாசனை நன்றாகத்தான் இருக்கும்.

ஓட்டுநர் இருக்கைக்கும் படுக்கைக்கும் நடுவே முழுச் சுவர் எழுப்புவேன், ஏனென்றால் குளிர் முன்கண்ணாடி வழியாகத்தான் வருகிறது. பின்கதவை ஒட்டிப் பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பெட்டி. ஜன்னல் சிறியது, விரல் நுழையும், தலை நுழையாது. கூரையில் ஜன்னல் கேட்டால் வேண்டாம் என்பேன், சூடு மேலேதான் ஓடிப்போகும். மீதி இருப்பது பக்கவாட்டுக் கதவு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. எந்தத் தச்சனைக் கேட்டாலும் குளிருக்கு இதுதான் சரி என்பான்.

குளிர்காலம் முழுக்க நானும் மேலே மலையில்தான் இருப்பேன், சறுக்க வருகிறவர்களை உச்சிக்கு ஏற்றிப்போகும் லிஃப்ட் கிளம்புகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய வண்டி நிறுத்தத்தில். பழைய தபால் பேருந்து ஒன்றை வாங்கி எனக்காகச் செய்துகொண்டேன். ஆறு பேர் உட்கார பெஞ்சு போட்டேன். ஆறு கோப்பைகள் வாங்கி ஆணியில் மாட்டினேன். எல்லாம் ஒரே மாதிரி தேயட்டும் என்று தினம் ஒன்றாக மாற்றி மாற்றிக் குடிப்பேன். பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. கீழே பண்ணையில் என் தம்பி இருக்கிறான். அவனோடு பேச்சுவார்த்தை நின்று வெகுகாலமாகிறது. எனக்குத் தனிமை பிடிக்காது. பிடிக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள், என் முகவாகு அப்படி.

முதல் கதவு தானாகத்தான் உறைந்தது. மூனிக்கிலிருந்து வந்த பல் டாக்டரும் அவர் மனைவியும் உள்ளே. விடிந்ததும் தட்டுகிற சத்தம், பிறகு என் பெயர். கெட்டிலோடு ஓடினேன். வெளியே வந்த டாக்டர் என் முதுகில் தட்டி, "யோவ் வெண்டலின், என்னய்யா கதவு இது! என்கிட்ட வர்ற பேஷண்ட் வாய் மாதிரி, ஒரு தடவ மூடுச்சுன்னா தொறக்கவே மாட்டேங்குது" என்றார். அவர் மனைவி, "சிரிச்சது போதும், அந்தாளு கை வெறச்சுப்போச்சு பாருங்க. உள்ள வந்து உக்காருப்பா" என்றாள். ரொட்டியும் புகை போட்ட பன்றி இறைச்சியும் நறுக்கி வைத்தார்கள். லிஃப்ட் திறக்கும் வரை மூவரும் பேசிக்கொண்டே இருந்தோம். அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாளும் கெட்டிலை வைத்துக் காத்திருந்தேன். கதவு சுலபமாகத் திறந்தது. அவர்கள் தூரத்திலிருந்தே கையசைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் சாயங்காலங்களில் வாளியும் பஞ்சும் எடுத்துக்கொண்டு சுற்றி வரத் தொடங்கினேன். ஒளித்து மறைத்து எதுவும் செய்யவில்லை. சாலையில் போடுகிற உப்பு ரப்பரைத் தின்றுவிடும், துடைத்துவிடுகிறேன் என்பேன். தங்கமான மனிதர் என்று எனக்குச் சூடாக ரம் கலந்த தேநீர் தருவார்கள். நான் துடைத்தது வெறும் தண்ணீரில்தான். கூடுதலாகக் கொஞ்சம் பிழிந்துவிடுவேன். மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொள்ளும். ஒரே ஆளுடைய கதவைத் தொடர்ந்து தொடமாட்டேன், இன்று இவர், நாளை அவர். யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. கொஞ்ச நேரம் உள்ளே இருப்பார்கள், என்னைக் கூப்பிடுவார்கள், நான் போய்த் திறப்பேன். பிறகு எல்லாருமாகச் சிரிப்போம். சில காலைகளில் என் பேருந்தில் ஆறு கோப்பையிலும் ஆவி பறக்கும்.

உடனே போகமாட்டேன். முதல் முறை கூப்பிடுவது கதவுக்காக. இரண்டாவது முறை, இந்த ஆள் எங்கே தொலைந்தான் என்கிற யோசனையில். மூன்றாவது முறைதான் எனக்காகக் கூப்பிடுவது. அதில் ஒரு கெஞ்சல் வரும், உரிமையும் வரும். கெட்டில் சூடாகவும் அந்த நேரம் வேண்டுமே. ஆகவே மூன்றாவது முறை வரை அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்பேன்.

ரோஸ்விதா நான்கு குளிர்காலங்களாக வந்துகொண்டிருந்தாள். அவள் என்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மலைமேல் வந்துவிட்டால் எல்லாரும் எல்லாருக்கும் நீதான், வாங்க போங்க கிடையாது, அது உங்களுக்கும் தெரியும். நீதிபதி வந்தாலும் நீ, லிஃப்டில் பனி வாருகிறவனும் நீ. கீழே ஊரில் அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. புருஷன் இறந்த பிறகு அவருடைய சரக்கு வேனை என்னிடம் கொண்டுவந்தாள். விற்க மனசில்லை, அதில் தூங்கத்தான் வேண்டும் என்றாள். அந்த வேனுக்கு நான் அதிக நாள் எடுத்துக்கொண்டேன். நல்ல பலகைகளை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன்.

அவள் கூப்பிடுவதைப் போல யாரும் கூப்பிட்டதில்லை. "டேய் சவப்பெட்டி ஆசாரி! பொணம் முழிச்சுக்கிச்சு, வந்து மூடியத் தொற!" என்று அந்தச் சின்ன ஜன்னல் வழியாகக் கத்துவாள். நிறுத்தமே சிரிக்கும். திறந்ததும் தலையெல்லாம் கலைந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பாள். "கூரையில ஒரு ஜன்னல் வெச்சுக் குடுன்னு எத்தன தடவ சொல்றது? நட்சத்திரம் பாக்கணும்டா" என்பாள். "சூடு போயிடும்" என்பேன். "உன் மண்டையில இருக்கற சூடா?" என்பாள். பிறகு என் பேருந்துக்கு வந்து ஜன்னலோரக் கோப்பையை எடுத்துக்கொள்வாள். அதை வேறு யாருக்கும் நான் கொடுத்ததில்லை.

போன இலையுதிர் காலத்தில் அவளைக் கீழே சந்தையில் பார்த்தேன். கூட ஒரு தோழி இருந்தாள். ரோஸ்விதா என்னைக் கண்டதும் புன்னகைத்தாள். "அடடே, வாங்க. நல்லா இருக்கீங்களா?" என்றாள். தோழியிடம், "இவருதான் என் வண்டியச் செஞ்சு குடுத்தவரு. சுத்தமான வேலை" என்றாள். பிறகு இருவரும் பாலாடைக்கட்டிக் கடைப் பக்கம் நகர்ந்தார்கள். அவள் மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் அப்படித்தான் பேசவேண்டும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் கையில் ஒரு முட்டைக்கோசோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், கடைக்காரன் எடை போடலாமா என்று கேட்கும் வரை. வலித்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

குளிர்காலம் வந்ததும் மேலே வந்தாள், மறுபடி டேய் என்றாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு சின்னக் குச்சியைக் காட்டினாள், கிளிசரின் குச்சி. "உதட்டுக்குப் பூசற மாதிரிதான், ரப்பர்ல தேச்சுட்டா ஒறையவே ஒறையாதாம். கடைக்கு வந்த ஒருத்தரு சொன்னாரு. இனிமே காலங்காத்தால உன்ன எழுப்பமாட்டேன், நீ நிம்மதியாத் தூங்கு" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

நான் தூங்குவதே இல்லை, அது அவளுக்குத் தெரியாது. அவள் கதவு அதன்பின் தினமும் வழுக்கிக்கொண்டு திறந்தது. அந்தச் சத்தம் கேட்கும். கதவு ஓட நான் பொருத்திய தடம், அருமையான சத்தம். அவள் மற்றவர்களோடு லிஃப்ட்டுக்குப் போய்விடுவாள். ஜன்னலோரக் கோப்பையை நான் கழுவி மாட்டுவேன், யாரும் குடிக்காததை எதற்குக் கழுவுகிறேன் என்று நினைத்துக்கொண்டே.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் இரவு உணவுக்கு வேகவைத்த ரொட்டி உருண்டை வாங்க வரிசையில் நின்றிருந்தபோது, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அந்த ரப்பரைத் துடைத்தேன். கிளிசரின் போக வேண்டுமே. பிறகு பஞ்சு. பிறகு அடி விளிம்பில் வாளியையே சாய்த்தேன். மற்ற நாட்களைவிட அதிகம்தான். ரொம்ப நாள் கழித்து ஒரு காலை கிடைக்கப்போகிறது, அரைகுறையாகப் போய்விடக் கூடாது.

இரவெல்லாம் பனி கொட்டியது. வெள்ளிக்கிழமை காலை முழங்கால் அளவு புதுப்பனி. அந்த மாதிரி நாளில் யாரும் காப்பிக்குக்கூட நிற்கமாட்டார்கள், முதல் லிஃப்ட்டிலேயே ஏறிவிடுவார்கள். நிறுத்தம் காலியாகிவிட்டது. ரோஸ்விதாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது, முதல் நாளே சொல்லியிருந்தாள். அவள் மட்டும் வண்டியில் இருந்தாள். நான் என் பேருந்தில் இருந்தேன்.

முதல் முறை சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டாள். "டேய் ஆசாரி, அந்தக் குச்சி சுத்த ஏமாத்து! வாடா!" கெட்டிலை அடுப்பில் வைத்தேன். ஜன்னலோரக் கோப்பையை இறக்கினேன். இன்னொரு தடவை துடைத்து வைத்தேன், அவ்வளவு ஆவல்.

இரண்டாவது முறையில் சிரிப்பு இல்லை. அடுப்பில் பழைய உருண்டையை வதக்கியிருக்கிறாள், மேலே காயப்போட்ட துண்டு விழுந்திருக்கிறது, அதிலிருந்து மெத்தைக்குப் பிடித்திருக்கிறது. இது நீங்கள் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது வாசனை மட்டும். மலைப்பைன் எரிகிற வாசனை. அதை வேறு எதுவென்றும் நினைக்க என்னால் முடியாது, இந்தக் கையால் அறுத்த பலகை.

கெட்டில் கொதித்துவிட்டது. எடுத்துக்கொண்டு போனேன். ஓடவில்லை, வெந்நீர் சிந்தும். கதவுக்கு வெளியே நின்றேன். சின்ன ஜன்னலில் புகை வந்துகொண்டிருந்தது, அவள் விரல்களும் தெரிந்தன. "வெண்டலின், தொற. வெண்டலின், தொறடா, தொற" என்றாள். ஆசாரி என்று சொல்லவில்லை. பெயரைச் சொன்னாள். "இங்கதான் இருக்கேன். வந்துட்டேன்" என்றேன். உண்மையாகவே அங்கேதான் இருந்தேன். ஒரு கை தூரம்.

கெட்டில் ஏன் நிறைந்தபடியே இருந்தது, மூடியோடு பனியில் ஏன் நேராக நின்றது என்று நீங்கள் கேட்டீர்கள். பதறியவன் வீசியிருப்பான், ஊற்றியவனிடம் காலியாக இருந்திருக்கும். நீங்கள் நினைப்பது சரி. நான்தான் அதைக் கீழே வைத்தேன். இரண்டு கையாலும் கதவைத் தொட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் தட்டுவது உள்ளங்கையில் தெரிந்தது. திறந்தால் வெளியே வருவாள், இருமுவாள், நன்றி சொல்வாள். அப்புறம் வேறு யாராவது அந்த வண்டிக்குக் கூரை ஜன்னல் வைத்துக் கொடுப்பார்கள். அப்புறம் சந்தையில் "நல்லா இருக்கீங்களா" என்பாள். இன்னும் ஒரு முறை கூப்பிடட்டும், திறந்துவிடுகிறேன் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு தட்டுவது நின்றது. நான் கைப்பிடியை இழுத்தேன். உள்ளே இருந்த சூட்டில் ஐஸ் கரைந்திருந்தது போல. கதவு சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்தது. வெந்நீரே தேவைப்படவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தண்ணீர் ஊற்றியவன் நான், நின்றுகொண்டிருந்தவனும் நான். அவளுக்கு நான் வேண்டாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எத்தனையோ பேரைத் தெரிந்தவள். உங்கள் ஊரில் பாதிப் பேர் அவளிடம் கண்ணாடி வாங்கியவர்கள். அப்படியிருந்தும் அன்று காலை அவள் வேறு ஒருவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை, அம்மா. கடைசி வரை என்னைத்தான் கூப்பிட்டாள்.