நீலக் கம்பளித் துண்டு

கம்பளி நூலைப் பருத்தி நூல் போல நடத்தக் கூடாது, ஐயா. அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. குருநகர் வெக்கைக்கு யார் கம்பளி நெய்தார்கள்? வெளிநாட்டில் இருந்து ஒருவர் நூல் அனுப்பி, மாதிரித் துண்டுகள் நெய்து காட்டச் சொல்லியிருந்தார். பிடித்தால் தொடர்ந்து வேலை வரும்.

முதல் நீலத் துண்டை, பருத்தித் துணியை அவிக்கிற பழக்கத்தில், கொதிதண்ணீரில் போட்டு அடித்துத் துவைத்தேன். அது பாதியாகச் சுருங்கி, பலகை போல இறுகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கனிசியஸ் அண்ணை பார்த்துச் சிரித்தார்.

"உந்தத் துண்டைப் பூனைக்குப் போத்துவிடு, றெஜினா. பாவம், மார்கழிக் குளிருக்கு உதவும்."

வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். மூச்சு மறுபக்கம் போகவில்லை. எறிய மனம் வரவில்லை.

என் கணவர் சந்தியோகு, பாரிசவாதம் வந்து வலப்பக்கம் வழங்காமல் போன பிறகு, தறிக்குப் பக்கத்தில்தான் கட்டிலில் கிடந்தார். துடைப்பேன், ஊட்டுவேன், உடுப்பு மாற்றுவேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆண்டவர் சின்னச் சின்ன அன்புகளைத்தான் பார்க்கிறார் என்று நம்புகிறவள் நான். ஆனால் தறியில் இருந்தால் போதும், கூப்பிடுவார்.

"இஞ்சரும், தண்ணி."

"இஞ்சரும், இலையான் மொய்க்குது."

எழும்பிப் போய் வந்தால், கடைசியாக எந்த மிதியை மிதித்தேன் என்பது மறந்துவிடும். மாதிரிகள் ஒவ்வொன்றாகப் பிழையாகிப்போயின.

அன்று காலை அவர் சிரித்தார்.

"இஞ்சை பாரும், விரல் அசையுது. பெருநாளுக்குக் கோயிலுக்கு நடந்தே வருவன்."

எனக்கு இரக்கமாக இருந்தது. நம்பி நம்பி ஏமாறுவது எவ்வளவு வேதனை. கடைசி மாதிரியும் பாதியில் நின்றது. மத்தியானக் கோயில் மணி அடித்தபோது, செபம் சொல்லிக்கொண்டே அந்த நீலத் துண்டை அவர் முகத்தில் வைத்தேன். மணி ஓய்ந்த பிறகும் அழுத்திப் பிடித்திருந்தேன்.

பிறகு மாதிரியை நெய்து முடித்தேன். கரை நேராக வந்தது.

உடலைக் கழுவ வந்த கனிசியஸ் அண்ணை, அவருடைய பற்களையும் ஈரத்துணியால் மெல்லத் துடைத்துவிட்டார். செத்தவருக்கு அவ்வளவு அன்பு யார் செய்வார்கள்? துணியில் நீலக் கம்பளி இழை வந்தது.

"இதென்ன பிள்ளை?" என்றார். ஊரில் அந்த நூல் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

ஓம் ஐயா, நான்தான் செய்தேன். ஆனால் அவருக்கும் அது விருப்பம்தான். வழங்காமல் கிடந்த அந்த வலது கை அப்போது எழும்பி வந்து, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டது, எனக்கு உதவியாக.