பதினோரு நிமிடப் பிசகு

எங்கள் வீட்டு வெந்நீர் ஹீட்டருக்கு இரண்டு சுவிட்ச். இரண்டையும் போட்டால்தான் சூடாகும்; ஒன்றை மட்டும் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால் பல் தந்தியடிக்கும். இது புரிந்தால் என் தொழில் புரிந்துவிட்டது, இன்ஸ்பெக்டர் சார்.

நான் கிருமிகளுக்கு சுவிட்ச் வைக்கிறவன். ஜீனை எப்படி மாற்றினால் ஒரு கிருமி போட்டால் ஒன்று, அணைத்தால் பூஜ்யம் என்று ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் மாடல் போட்டுத் தருவேன். நிஜக் கிருமியை வளர்ப்பது அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. எட்டு வருடமாக அடுத்த மேஜை. கையில் ஈரம் படாமல் வேலை பார்க்கிறேன் என்று எனக்கு ‘மாப்பிள்ளை’ எனப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

எங்கள் கிருமிக்கும் இரண்டு சுவிட்ச். புற்றுநோய்க் கட்டியின் வாடை ஒன்று, சூடு மற்றொன்று. கட்டி இருக்கும் இடத்தை டாக்டர் சூடாக்குவார். இரண்டும் சேர்ந்தால் மட்டுமே கிருமி நஞ்சைக் கக்கும். கட்டி இல்லாதவர் விழுங்கினால் ஒன்றும் ஆகாது.

அக்காவுக்கு ஒரே பாட்டு. “ஜீன்ல பூஜ்யம்னு ஒண்ணு கிடையாது மாப்பிள்ளை. மூடின குழாய்தான், ஆனா சொட்டும். உன் மாடல் சினிமா. பாக்க நல்லாருக்கும்.”

எட்டு வருடம், மீட்டிங்குக்கு மீட்டிங் சினிமா. நான் கோபப்படுகிற ஆள் இல்லை.

அந்தக் கசிவையும் சேர்த்து மாடலை ஒருமுறை ஓட்டினேன். வரைபடத்தில் கோடு தொங்கிப்போய் அசிங்கமாக இருந்தது. எடுத்துவிட்டேன். கிருமியை அடைத்த மாத்திரையை முதலில் விழுங்கிப் பார்க்க நோயில்லாத ஒருவர் தேவைப்பட்டபோது அக்காதான் கை தூக்கினார். தூக்கிய கையோடு கேட்டார்: “கசிவைச் சேத்தியா?”

“சேத்தேன்க்கா.”

பொய் இல்லை. சேர்த்தேன், பிறகு எடுத்தேன்.

திங்கட்கிழமை விழுங்கினார். வியாழன் மதியம் அவர் மகளிடமிருந்து சளி தொற்றிக் காய்ச்சல். வீட்டிலிருந்து போன் செய்தார். “நூத்தி மூணு இருக்கு. வயிறு வேற பிசையுது. கிருமியைக் கொல்ற மாத்திரை கையிலதான் இருக்கு. போட்டுடட்டுமா?”

சூடு என்கிற சுவிட்சைக் காய்ச்சல் போட்டுவிட்டது. இன்னொன்று சொட்டிக்கொண்டிருந்தது. லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, கசிவைத் திரும்பச் சேர்த்து மாடலை ஓட்டினேன். அவ்வளவு அழகான கோடு எனக்கு விழுந்ததே இல்லை. மாலை ஆறு இருபதுக்கு இதயம் நிற்கும் என்றது.

“ஒண்ணும் ஆகாதுக்கா. ஏழு மணி வரைக்கும் பொறுங்க. இப்ப போட்டா நாலு நாள் வேலை வீண்.”

“சரி மாப்பிள்ளை. உன் சினிமாவை ஒரு தடவை நம்பறேன்.”

ஆறு முப்பத்தொன்றுக்கு நின்றது.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பதினோரு நிமிடத்தை மாடலின் தவறு என்று எழுதிவிடாதீர்கள், சார். காய்ச்சலை அக்கா சரியாக அளந்திருக்க மாட்டார்.