எஞ்சினுக்கு ஒரு கரண்டி எண்ணெய்

ஜெர்மனியின் எசன் நகர ட்ராமில், நகமெல்லாம் கறுப்பாக இருந்த ஒரு பெண் தன் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு கேட்காமல் இருக்க முடியுமா?

"நேற்று மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு ஒரு கரண்டி எண்ணெய் பருக்கினன் அக்கா."

"என்னடி, பிள்ளைக்கே பருக்கிறாய்?"

"பிளக்கைக் கழட்டி உள்ளுக்கு விட்டா, குளிர்காலம் முழுக்க ஓடாம நிண்டாலும் துருக் கறள் பிடியாதாம். என்ரை மனுசன் கதிரையில இருந்து சொல்லச் சொல்லச் செய்தன்."

"பாரிசவாதம் வந்த உடன அதை வித்துப்போடு எண்டவரெல்லே?"

"ஓம். இப்ப பழைய எண்ணெயை மாத்து, டாங்கை நிரப்பு எண்டு ஒரே ஆக்கினை. விக்கிற மாட்டுக்கு ஆராவது லாடம் அடிப்பினமோ?"

"இடக்கை இன்னும் ஏலாதே அவருக்கு. வெயில் வந்தா ஆர் ஓடுறது?"

"நான்தான். லைசென்ஸுக்குப் பதிஞ்சிட்டன். அவர் பின்னுக்கு இருந்து என்னைப் பேசிக்கொண்டு வரட்டும்."