கெசியாவின் முழங்கால்

பிரசங்கத்தை இங்க கொஞ்சம் நிறுத்திட்டு, சின்னதா ஒரு கதை சொல்லட்டுமா? கதைன்னு சொல்றேன்... ஆனா இதுல வர்ற அப்பன் நான்தான்.

என் மக கெசியாவை உங்க எல்லாருக்கும் தெரியும். அப்போ அவளுக்கு ஒன்பது வயசு. காலையில எழுப்பினா எழுந்திரிக்க மாட்டா. "அப்பா, முட்டி மடங்க மாட்டேங்குதுப்பா"ம்பா. சரி, பாவம்னு விட்டா... மத்தியானம் பார்த்தா தெருவுல ஓடி விளையாடிட்டு இருப்பா! நான் என்ன நினைப்பேன்? நீங்க என்ன நினைப்பீங்க?

நடிக்கிறான்னு நினைச்சேன். என் வீட்டுக்காரி சுகிர்தாகிட்ட சொன்னேன், "இவ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்குறா." அவ டீச்சர்கிட்ட சொன்னா. டீச்சர் என்ன சொன்னாங்க? "ஆமாம்மா, இங்கயும் சாயங்காலம் நல்லாத்தான் ஓடுறா." ஒருத்தர் சொன்னதை ஒருத்தர் உறுதிப்படுத்தினோம். அந்தப் பிள்ளை சொன்னதை மட்டும்... யாரும் கேக்கல.

ஒருநாள் காலை குடும்ப ஜெபம். எல்லாரும் முழங்கால் போட்டாச்சு. அவ மட்டும் சுவரைப் பிடிச்சுட்டு நிக்கிறா. "முடியலப்பா..." எனக்கு வந்ததே கோபம்! "ஆண்டவர் முன்னாடியுமா நடிப்பு?"ன்னு சொல்லி, அவ தோளைப் பிடிச்சு... அழுத்தினேன். ஆமா, இந்தக் கையாலதான். அவ கத்தின கத்து இருக்கே...

அதோட விட்டேனா? அந்த ஞாயித்துக்கிழமை இதே இடத்துல நின்னு, சோம்பேறித்தனத்தைப் பத்திப் பேசுறப்போ, "எங்க வீட்டுலயே ஒரு நடிகை இருக்கா"ன்னேன். நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். அவ இரண்டாவது வரிசையில தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தா.

இப்படியே ஏழு மாசம். ஒருநாள் முட்டி நல்லா வீங்கிப்போச்சு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். மெஹருன்னிசான்னு ஒரு டாக்டரம்மா. அவங்க கெசியாவோட முட்டியில கையை வச்சுப் பார்த்துட்டு, என் கையை எடுத்து அதுமேல வச்சாங்க. "சூடா இருக்கா சார்?" இருந்துச்சு. கொதிச்சுச்சு.

"இது பிள்ளைங்களுக்கு வர்ற மூட்டுவாதம். உடம்பைக் காக்குற வெள்ளை அணுக்கள் மூட்டுக்குள்ள போய்க் கூடியிருக்கு. ஒண்ணை ஒண்ணு தூண்டி விடுது, இன்னும் நாலைக் கூப்பிடுது, சொந்த மூட்டையே எதிரின்னு நினைச்சுத் தாக்குது. அங்க எதிரியே கிடையாது சார். ராத்திரி முழுக்க அசையாம கிடக்குறதால காலையில மூட்டு இறுகிடும். நடக்க நடக்கத் தளர்ந்துடும்."

அப்போ மத்தியானம் ஓடினது? அதுவும் நிஜம். காலையில அழுததும் நிஜம்.

"எத்தனை மாசமா சொல்றா?"ன்னு கேட்டாங்க. சுகிர்தாதான் சொன்னா, "ஏழு மாசம்." டாக்டரம்மா என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

இப்போ வாராவாரம் ஊசி. வீக்கம் குறைஞ்சிருக்கு. ஆனா இடது கால் முழுசா நீள மாட்டேங்குது. சீக்கிரமே வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதுன்னாங்க.

போன வாரம் அவ பக்கத்துல உக்காந்து, "அப்பாவை மன்னிச்சிரும்மா"ன்னேன். அவ கேட்டா, "சபையில வச்சுத்தானப்பா நடிகைன்னு சொன்னீங்க?"

அதான் இன்னைக்கு சபையில வச்சு சொல்றேன். என் மக நடிக்கல. பொய் சொன்னது நான். யாரும் திரும்பி அவளைப் பார்க்க வேண்டாம்... என்னைப் பாருங்க.

ஐயா, அம்மா, இதுக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? இருந்தாலும் சொல்றேன். அந்த மூட்டுக்குள்ள நடந்ததுதான் எங்க வீட்டுக்குள்ளயும் நடந்துச்சு. காக்க வேண்டியவங்க எல்லாரும் ஒண்ணுகூடி, ஒருத்தரை ஒருத்தர் ஏத்திவிட்டு, நம்ம பிள்ளையையே குத்தவாளி ஆக்கினோம். நாளைக்குக் காலையில உங்க வீட்டுல ஒரு பிள்ளை "வலிக்குது"ன்னு சொன்னா, பக்கத்து வீட்டுல கேக்காதீங்க. டீச்சர்கிட்ட கேக்காதீங்க. அந்தப் பிள்ளைகிட்டயே, எங்க வலிக்குதுன்னு கேளுங்க. கேட்டுட்டு... நம்புங்க.