நாற்பத்தொன்றாம் எண் கலவையும் நாளைக் காலை நான்கு மணி நேரமும்

தலைமை ஏற்றிருக்கும் திரு. தாடியஸ் ஆம்ப்ளர் அவர்களே! ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு இந்த ஜெபக்கூடத்தை எங்களுக்குத் திறந்துவிட்ட போதகர் அவர்களே! பிராட்ஃபர்ட் நகரத்துக் கம்பளி தரம் பிரிக்கும் என் தோழர்களே! கணவன் இரண்டு முறை இருமினால் மூன்றாவது இருமலுக்குக் காது கொடுத்துப் படுத்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் துக்கக் கறுப்பு உடுத்தி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஹன்னா மர்கட்ராய்ட் அவர்களே! ஆபேல் ஹோல்ட்ஸ்வொர்த்தின் வணக்கம்.

தலைவர் எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார். பெரிய மனது. இவர் தலைமை தாங்கும் நம் தொழிலாளர் சங்கத்துக்கு நான் பதினொரு விண்ணப்பம் எழுதினேன். பதினொன்றுக்கும் பதில் இல்லை. "ஆபேல் ஆரம்பிச்சா அடுப்பு அணைஞ்சிரும்" என்று நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். சிரியுங்கள். இன்றைக்குச் சிரிக்க வேறு இடம் வராது.

நான் பள்ளிக்கூடம் பார்த்தவன் அல்லன். ஒன்பது வயதில் ஆலைக்குள் தள்ளப்பட்டவன். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவை கம்பளிச் சிப்பங்கள். சாக்கின் மேல் கறுப்பு மையில் குத்திய ஊர்ப் பெயர்களை விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டினேன். சிட்னி என்று படித்தேன். லிமா என்று படித்தேன். பாரசீகம் என்று படித்தேன். என் வேதபுத்தகம் சாக்குத் துணியில் இருந்தது, தோழர்களே!

கம்பளியைக் கலப்பது என்றால் என்ன? அள்ளிக் கொட்டிக் கிளறுவதா? வீட்டிலே கஞ்சி கிண்டுகிறோமா? ஒரு வகையை மெத்தைபோல் பரப்பி, அதன்மேல் அடுத்த வகையைப் பரப்பி, அடுக்கு அடுக்காய் ஆள் உயரத்துக்கு எழுப்பி, பிறகு மேலிருந்து கீழாக வெட்டி எடுக்கிறோம். வெட்டி எடுத்த பிறகு எந்த மயிர் எந்த ஆட்டுடையது என்று கடவுள்தான் சொல்ல வேண்டும். ஆகவேதான் கலப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சிப்பத்துக்கும் ஒரு சீட்டு. எந்த நாடு? எந்த ஆடு? உயிருள்ள ஆட்டில் கத்தரித்ததா, செத்த ஆட்டின் தோலில் பிடுங்கியதா? இழை எவ்வளவு நீளம்? அழுக்கு எவ்வளவு? கடைசி வரி, தோழர்களே, அந்தக் கடைசி வரி! நனைத்துத் திறப்பதா, உலர்வாகத் திறப்பதா?

அந்த வரி எப்படி வந்தது? நம் ஆட்கள் செத்துச் செத்து வந்தது! காலையில் சிப்பம் பிரித்தவன் மூன்றாம் நாள் மூச்சு முட்டிச் சாவான். கிழக்கு நாடுகளில் நோயில் விழுந்த ஆட்டின் மயிரோடு ஆளைக் கொல்லும் தூசி வருகிறது. ஆகவே பாரசீகக் கம்பளி என்றால் சாக்கோடு வெந்நீரில் அமிழ்த்து, ஊறவிடு, அப்புறம் கத்தி வை என்று விதி எழுதினார்கள். பிரிப்பறைச் சுவரில் ஒட்டியும் வைத்தார்கள். அந்தத் தாளின் கீழே நம் ஆட்கள் தொப்பி மாட்டுகிறார்கள்.

வாசல் பக்கம் யாரோ "தெரியும், தெரியும்" என்கிறீர்கள். தெரிந்தது போதாமல்தானே இந்த அம்மாள் கறுப்பு உடுத்தியிருக்கிறார்!

சென்ற வாரம் நம் ஹெதர்கிளஃப் ஆலைக்கு அவசர வேலை வந்தது. பதின்மூன்று சிப்பம். ஐந்து நம் மலையாட்டுக் கம்பளி. எட்டு வேறு இடத்துச் சரக்கு. நனைத்தால் காய வைக்க வேண்டும், காய்ந்தால் கட்டி கட்டியாய் வரும், அடுக்கில் சீராகப் பரவாது, நாள் தள்ளிப்போகும். மேலாளர் திரு. ஓல்ட்ராய்ட் என்ன செய்தார்? பதின்மூன்று சிப்பத்துக்கும் ஒரே சீட்டு எழுதினார். அதில் நாடு இல்லை, ஆடு இல்லை, நனைப்பது இல்லை. "கலவை எண் நாற்பத்தொன்று." அவ்வளவுதான். கலந்த பிறகு வர வேண்டிய பெயரைக் கலக்கும் முன்பே வைத்துவிட்டார்! அந்த எட்டின் சாக்கு மேல் இருந்த எழுத்துக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தது.

நான் பிரிப்பறையின் தலைமை ஆள். சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நானே அவரிடம் போனேன்.

"ஐயா, இதுல நாடு போடலியே?"

"ஆபேல், ஒன் வேலை தரம் பாக்குறது. பூகோளம் பாக்குறதில்ல."

"நனைக்கணும்னு விதி இருக்குங்க."

"விதி பாரசீகத்துக்கு. இது நாப்பத்தொண்ணு. போய் வேலையப் பாரு."

போனேன். நானும் போனேன், தோழர்களே. பதினொரு விண்ணப்பம் எழுதிய இந்த வாய், யாருக்கும் அடங்காது என்று நீங்கள் வைகிற இந்த வாய், அன்றைக்கு அடங்கிப்போனது.

திங்கட்கிழமை காலை ஜேபஸ் மர்கட்ராய்ட் கத்தியை எடுத்தான். முப்பத்திரண்டு வயது. அவன் கை பட்டால் இழை தானாகப் பிரியும். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"என்னண்ணே, சிப்பத்துக்கு வெள்ளையடிச்சிருக்கானுங்க? கல்யாணமா?"

"வாய மூடிட்டு வெட்டுடா."

"சீட்டுல நாடு இல்லியே."

"நம்பர் இருக்குல்ல."

"நம்பரு புல்லு மேயுமாண்ணே?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சாக்கைக் கிழித்தான். புகைபோல் தூசி எழுந்தது. மயிரோடு காய்ந்த தோல் துணுக்கு ஒட்டியிருந்தது. அதை எடுத்து எனக்கு நேரே காட்டினான்.

"அண்ணே, இது கத்தரிச்சது இல்ல. செத்த ஆட்டுல பிடுங்கினது. நனைக்க வேணாமா?"

"எழுதின பிரகாரம் செய்டா."

செய்தான். செவ்வாய்க்கிழமை மாலை குளிர் அடிக்கிறது என்றான். புதன்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வியாழக்கிழமை விடியவில்லை அவனுக்கு. வந்த மருத்துவர் நுரையீரல் சுரம் என்று எழுதிவிட்டுப் போனார். அந்தத் தாளை ஹன்னா வாங்க மறுத்தார். விசாரணை இல்லாமல் என் வீட்டுக்காரரைப் புதைக்க விடமாட்டேன் என்று வாசலில் நின்றார். ஆகவே நாளைக் காலை பத்து மணிக்கு மரண விசாரணை.

மணி அடிக்கிறார் தலைவர். அடியுங்கள், ஐயா. நாளைக்கும் அடிக்கும், கல்லறைத் தோட்டத்தில்.

வெள்ளிக்கிழமை நான் அந்த வீட்டுக்குப் போனேன். ஹன்னா ரொட்டியும் தேநீரும் வைத்தார். தொடவில்லை.

"மாமா, சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு?"

"நம்பர்தாம்மா."

"சீட்டக் கேட்டேன், சொல்லிட்டீங்க. சாக்குல என்ன இருந்துச்சு?"

"சுண்ணாம்பு பூசியிருந்துச்சு."

"சுண்ணாம்புக்கு அடியில? நீங்க சாக்குலதான எழுத்துப் படிச்சவரு?"

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அம்மா ஹன்னா! வெள்ளிக்கிழமை கேட்டதற்கு ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன். உன் வீட்டில் சொல்லத் துணியாததை ஊர் முன்னால் சொல்கிறேன். சுண்ணாம்பு மெல்லியது. மை கனமானது. திங்கட்கிழமை காலை, உன் கணவன் கத்தி எடுப்பதற்கு முன்னால், நான் பாரசீகம் என்று படித்தேன். எட்டுச் சிப்பத்திலும் படித்தேன். படித்துவிட்டு, வெட்டுடா என்றேன்.

திட்டுகிறவர் திட்டலாம். எனக்கு அது உரியது.

எழுதியவர் ஓல்ட்ராய்ட்; வெட்டியவன் ஜேபஸ்; படித்தவன் நான். நாளைக்குப் பத்து மணிக்கு அந்த விசாரணை மன்றத்தில் இதையே சொல்வேன். என்ன நடக்கும்? "கெழவன், கோவக்காரன், மேலாளர் பதவி கெடைக்கலன்னு பொருமுறவன்" என்பார்கள். ஜேபஸ் வெட்டிய சிப்பத்தின் சாக்கை வெள்ளிக்கிழமையே கொதிகலனில் போட்டு எரித்துவிட்டார்கள். பிறகு என் சொல்லுக்குச் சாட்சி எது?

மீதி ஏழு சிப்பம்! ஜேபஸ் சாய்ந்ததும் யாரும் தொடாமல் விட்ட சிப்பம்! சுண்ணாம்புக்கு அடியில் பெயரோடு, கிடங்கில், இந்த நிமிடம், ஏழு சிப்பம் இருக்கிறது. நேற்று மாலை மேலாளர் இட்ட ஆணை பிரிப்பறையில் இருக்கும் உங்கள் இருபத்திரண்டு பேருக்கும் தெரியும். திங்கள் காலை ஆறு மணிக்கு ஏழையும் திறக்க வேண்டும். மலையாட்டுக் கம்பளியோடு அடுக்க வேண்டும். வெட்டி எடுக்க வேண்டும். ஆறு மணிக்கு ஏழு சிப்பம். பத்து மணிக்கு ஒரே மேடு! விசாரணை அதிகாரி வந்து எதைப் பார்ப்பார்? எந்த மயிரைத் தூக்கி, நீ பாரசீகமா என்று கேட்பார்? சாட்சியையும் கலந்துவிடுவார்கள், தோழர்களே! கலப்பது யார் கை? உங்கள் கை. அந்தத் தூசியைக் குடிப்பது யார் மூச்சு? உங்கள் மூச்சு. வியாழக்கிழமை விடியாமல் போகப்போவது யார் வீடு?

பின்வரிசையில் என்ன முணுமுணுப்பு, வில்ஃப்? உரக்கச் சொல்லு.

"நாங்க தொடலேன்னா வாசல்ல நாப்பது பேரு நிக்கிறான் ஆபேல்! அவன் தொடுவான்!"

நல்ல கேள்வி. அந்த நாற்பது பேர் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள்? தலையைத் தூக்கிப் பார். மேல்மாடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை இல்லாதவனுக்கும் நுரையீரல் இரண்டுதான். மாடத்துத் தம்பிமார்களே! நாளைக்கு உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயர் இல்லாத சிப்பத்தைத் திறக்கக் கூப்பிடுவார்கள்.

வெற்றி பெறுவோம் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அப்படிப் பேசத் தெரியாது. ஏழு சிப்பத்தைப் பார்த்த பிறகும் விசாரணையில் நுரையீரல் சுரம் என்றே எழுதலாம். ஓல்ட்ராய்ட் அதே நாற்காலியில் உட்காரலாம். எனக்கு நாளையோடு வேலை இல்லை. உங்களில் சிலருக்கும் இருக்காது. ஜேபஸ் எழுந்து வரப்போவதில்லை. நான் கேட்பது நான்கு மணி நேரம். ஆறிலிருந்து பத்து வரை நான்கே மணி நேரம். அதற்குள் ஒரு கத்தியும் ஒரு சாக்கிலும் இறங்கக் கூடாது. பத்து மணிக்கு என் சொல்லைக் கேட்டதும் அதிகாரி கிடங்கை அடைத்துவைக்க ஆணையிடட்டும், வரட்டும், சுண்ணாம்பைச் சுரண்டட்டும், படிக்கட்டும். படிக்கத் தெரிந்தவன் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த அம்மாளின் உடை சாட்சி.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுமை இழந்து மணி அடித்த தலைவருக்கும், எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் ஹன்னாவுக்கும் என் நன்றி. மீதி வணக்கத்தை நாளைக் காலை ஆறு மணிக்கு ஆலை வாசலில் சொல்கிறேன். நீங்கள் எனக்குக் கைகூப்பி வணங்க வேண்டாம். கால்சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே நின்றால் போதும்.