வெறும் சீற்று

பனிச்சங்கேணியிலிருந்து மட்டக்களப்புக்குப் போன பஸ்ஸை இராணுவச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பைகளோடு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற பெண் கணவரிடம் கேட்டார்:

"நம்மட பிளேனில இப்ப ஆக்களே ஏறுறல்லயாமே?"

சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு 'நம்மட பிளேன்' என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்களுடைய மகன் வெளிநாட்டில் ஒரு விமானக் கொம்பனியில் பெட்டி ஏற்றுகிறான் என்பது பிறகுதான் புரிந்தது.

"உனக்கு ஆரு சொன்ன?"

"மகன்தான். கொம்பனி வேலைக்காரருக்குக் குடுத்த பங்கு விழுந்து போச்சாம்."

"சனம் பறக்கப் பயப்படுகுது புள்ள. பங்கு விழத்தான் செய்யும். இப்பிடியே போனா அவன்ட வேலையும் போயிரும். எனக்கு அதுதான் யோசின."

"தோணியில மீன் கொஞ்சமாப் பட்டாலும், பங்குகாரனுக்குக் கறிக்கு எடுத்துக் குடுத்துத்தானே விடுற?"

"பிளேனில ஏது கா கறி?"

"கறி வேணாம். சீற்று வெறுமையாத்தானே கிடக்கு. அவனும் பங்குகாரன்தானே, அதில ஒண்டில இருத்தி இஞ்ச அனுப்பட்டும்."

கணவர் சிரித்துவிட்டார். "வந்து? நம்மளோட இந்த வரிசையில நிக்கவா?"

"நிக்கட்டும். எனக்கு முன்னால நிக்கட்டும். நான் அவனப் பாத்துக்கொண்டு நிப்பன்."

அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. மனைவியின் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். வரிசை கொஞ்சம் நகர்ந்தது. அந்தப் பெண் தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றார்.