சிவப்பு ஸ்டிக்கர்

சைக்கிள் சக்கரம் கட்டும்போது நான் வீட்டில் மிக்ஸியைக்கூட ஓட விடமாட்டேன். கம்பியை முறுக்க முறுக்க அது பேசும். கேட்கத் தெரிந்தால் போதும். செகந்தராபாத்தில் எங்கள் மலைச் சைக்கிள் கூட்டத்தில் அந்தக் காது எனக்கு மட்டும்தான் உண்டு என்று பெயர். அந்தப் பெயரின் மேல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆசை.

தன் சைக்கிளுக்குச் சக்கரம் கட்டித் தரக் கேட்டபோது பிரசன்னா அலுமினிய ரிம்மே போதும் என்றுதான் சொன்னான். வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்து ராமச்சந்திராபுரத்தில் அம்மாவோடு குடியிருப்பவன், என்னை அண்ணா என்பான். கார்பன் ரிம்தான் வேண்டும் என்று அவன் மனதைக் கரைத்தவன் நான். எடை குறைவு, பாறையில் இறங்கினால் அதிர்வு கைக்கு ஏறாது என்று சொன்னேன். அதில் பொய்யில்லை. அலுமினியம் அடிபட்டால் நெளிந்து காட்டிக்கொடுக்கும், கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் உடையும் என்பதையும் மறைக்கவில்லை. அதனால்தான் கட்டுகிறவன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன்.

பின்சக்கரத்தில் ஒரு கம்பியை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். இறுக்கம் அளக்கும் மீட்டர் போதும் என்றது. எனக்கு என் காதுதான் பெரிது. டிக்கென்று ஒரு சத்தம். ரிம்மைச் சுற்றி நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். எல்லா இடமும் கணீரென்றது. அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் மட்டும் ஈரச் சுவரைத் தட்டினாற்போல மொத்தென்றது. வெளிச்சத்தில் பிடித்தபோது முடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது.

வேறு ரிம் வரவழைத்திருக்கலாம். ஆனால் ஏன் என்று கூட்டத்தில் எல்லோரும் கேட்பார்கள். அதை நினைத்தபோதே எனக்கு உடம்பு கூசியது. விரிசலின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினேன். பிரசன்னாவுக்கு அது பிடித்துப்போய், முன்சக்கரத்துக்கும் ஒன்று கேட்டான். ஒட்டிக் கொடுத்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சக்கரம் கட்டியவன்தான் அதைப் பாறைச் சரிவில் முதலில் ஓட்டிக் காட்ட வேண்டும்; பிறகுதான் சொந்தக்காரன் ஏறுவான். அன்று காலை பிரசன்னா சைக்கிளை என்னிடம் நீட்டினான்.

“நக்கோப்பா, எனக்கு வேணாம். இன்னைக்கு முழங்கால் வலி. நீயே முதல்ல ஏறு,” என்றேன்.

என்ன தாராள மனசு என்று ஒருவர் கைதட்டினார். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

சரிவின் பாதியில் பின்சக்கரம் நொறுங்கியது. எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். நான் சக்கரத்திடம் போய், ஸ்டிக்கர் இருந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவனுக்கு இடுப்புக்குக் கீழே இன்றுவரை உணர்வு திரும்பவில்லை.

ஞாயிறுதோறும் அவன் வீட்டுக்குப் போகிறேன். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்று அவன் அம்மா கனகவல்லி கண்கலங்குகிறார். அவர் நீட்டும் காப்பியை வெட்கத்தோடு தலைகுனிந்து வாங்கிக்கொள்கிறேன். இவ்வளவு வெட்கப்படுகிறவன் அப்படியொன்றும் கெட்டவனாக இருக்க முடியாது என்று அங்கேயே உட்கார்ந்து நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் பிரசன்னா என் கையைப் பிடித்துக்கொண்டான். தப்பான தடத்தில் சைக்கிளை இறக்கிவிட்டது தான்தான் என்று நம்புகிறான்.

“மன்னிச்சிடுங்கண்ணா. பாத்துப் பாத்துக் கட்டிக் கொடுத்தீங்க. முதல் நாளே உடைச்சிட்டேன்.”

நான் நன்றாக யோசித்தேன். உண்மையைச் சொன்னால் அவன் தாங்கமாட்டான். அதனால் அவனை மன்னித்துவிட்டேன்.